நெல் வயல் சேற்றில் ரெடாக்ஸ் அளக்க எதை வாங்குவது?

மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டி, முதுநிலை வேளாண் மாணவர்கள் சிலர் ஆண்டுதோறும் ஒரே கேள்வியுடன் வருகிறார்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் வயலையும் எப்போதும் நீர் நிற்கும் வயலையும் ஒப்பிடப் போகிறார்கள். மண்ணின் ரெடாக்ஸ் நிலையை, அதாவது அது ஆக்சிஜன் உள்ள நிலையிலா, ஆக்சிஜன் தீர்ந்த ஒடுக்க நிலையிலா என்பதை, அளந்தாக வேண்டும். கையில் இருப்பதோ சிறு தொகை. இணையக் கடையில் விற்கும் ஓ.ஆர்.பி. பேனாவை (ரெடாக்ஸ் எண்ணைக் காட்டும் சிறு கைக்கருவி) வாங்கலாமா, பிளாட்டினம் கம்பி வாங்கி மின்முனை செய்து புதைக்கலாமா, துரு பூசிய குழாயே போதுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேனாவை வாங்காதீர்கள். மற்றவற்றில் எது என்பது, நீங்கள் மண்ணிடம் என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

வயலில் நீர் நின்றதும் மண்ணுக்குள் காற்று போவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆக்சிஜன் நீரின் வழியே பரவும் வேகம், காற்றின் வழியே பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. உள்ளே இருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தின்று தீர்த்துவிட்டு, அடுத்ததாக நைட்ரேட்டுக்கும், பிறகு மாங்கனீசுக்கும், இரும்புக்கும், சல்பேட்டுக்கும் போகின்றன. எல்லாம் தீர்ந்த பின் மீத்தேன். இந்தப் படிக்கட்டில் மண் எந்தப் படியில் நிற்கிறது என்பதைத்தான் மின்முனை மில்லிவோல்ட்டாகச் சொல்கிறது. நடுநிலை மண்ணில், காற்றோட்டம் உள்ளபோது +400-க்கு மேல்; இரும்பு கரையத் தொடங்குவது +100-ஐ ஒட்டி; சல்பேட் ஒடுக்கமும் மீத்தேனும் −150-ஐ ஒட்டியும் அதற்குக் கீழும். இவை கோடு கிழித்த எல்லைகள் அல்ல, ஒன்றன்மேல் ஒன்று படிபவை. நீர் மூழ்கிய மண்ணின் வேதியியலை இந்தப் படிவரிசையில் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களில் முதன்மையானவர், பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய இலங்கையர் பொன்னம்பெரும. அவர் 1972-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையைத்தான் இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

கருவி வாங்கும் முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. உங்களுக்கு எண் வேண்டுமா, அல்லது “இந்த ஆழத்தில் இரும்பு கரைந்ததா இல்லையா” என்ற ஒரு பதில் போதுமா? மாற்றம் வாரக் கணக்கில் நடக்கிறதா, மணிக்கணக்கிலா? பருவத்தின் நடுவே மண் காயுமா? ஒரு பாத்தியில் எத்தனை இடத்தில் அளக்க முடியும்? யார் போய் அளப்பார்கள்?

இவற்றுள் நான்காவதைத்தான் எல்லோரும் அலட்சியப்படுத்துகிறார்கள். சேறு பார்வைக்கு ஒரே சீராக இருக்கும். உள்ளே அப்படி இல்லை. ஒரே பாத்தியில் 10 செ.மீ. ஆழத்தில் ஐந்து மின்முனைகள் வைத்தால், எடுத்துக்காட்டாக, இப்படி வரும்: −182, −165, −171, +40, −190. அந்த +40 கருவிக் கோளாறாக இருக்கலாம். நெல் வேர் அதன் மேல் படர்ந்ததாகவும் இருக்கலாம். நெல் தன் தண்டு வழியாகக் காற்றை இறக்கி வேர் நுனியில் கசியவிடும் பயிர். வேரைப் பிடுங்கிப் பார்த்தால் தெரியும் செம்பழுப்புப் படலம் அந்த ஆக்சிஜன் இரும்பைத் துருவாக்கியதன் தடம். சராசரி போட்டால் −134 வரும். ஐந்தில் ஒன்றுகூடக் காட்டாத எண் அது. நடு எண்ணான −171-ஐ எடுத்துக்கொண்டு, ஐந்தையும் அட்டவணையில் தருவதே நேர்மை. ஒரே ஒரு மின்முனை வைத்து, அது வேர் பக்கம் விழுந்திருந்தால்? ஆய்வேடு முழுக்க “வயல் ஒடுக்க நிலைக்குப் போகவே இல்லை” என்று எழுதியிருப்பீர்கள்.

## ஓ.ஆர்.பி. பேனா

பிளாட்டினம் வளையமும், அதன் எண்ணை ஒப்பிட்டு அளக்க உதவும் மாறாத ஒப்பீட்டு மின்முனையும் ஒரே கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் கருவி இது. நீச்சல் குளத்துக்கும் மீன் தொட்டிக்கும் உருவாக்கப்பட்டது. தெளிந்த நீரில் நன்றாகவே வேலை செய்கிறது.

சேற்றில் குத்தினால் மூன்று சிக்கல்கள். ஒப்பீட்டு மின்முனையிலிருந்து உப்புக் கரைசல் கசியும் நுண்துளையைக் களிமண் அடைத்துவிடும். குத்தும்போதே மேல்நீரும் காற்றும் கூடவே இறங்கி, அளக்க வந்த நிலையையே கெடுத்துவிடும். மூன்றாவது, எண் நிற்காது: ஐந்து நிமிடத்தில் ஒன்று, இருபது நிமிடத்தில் வேறொன்று. எப்போது “இதுதான்” என்று குறித்துக்கொள்வது என்பதை அளப்பவரின் பொறுமைதான் முடிவு செய்கிறது. இரண்டு மாணவர்கள் ஒரே வயலில் அளந்தால் இரண்டு வயல் கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவு: முனை எப்போதும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைந்தே இருக்க வேண்டும். மூடியில் இருந்த கரைசல் ஒரு கோடையில் வற்றிப்போனால் கருவி போனது போலத்தான்.

பேனாவுக்கும் ஓர் இடம் உண்டு. ஆய்வகத்தில் மண்ணையும் நீரையும் கலக்கி மூடி வைக்கும் குடுவை ஆய்வுக்கும், வயலின் மேல்நீருக்கும், வடிகால் நீருக்கும் அது போதும். மண்ணுக்குள் மட்டும் வேண்டாம்.

## புதைத்துவைக்கும் பிளாட்டினம் மின்முனை, கையால் அளப்பது

நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது இதைத்தான். செய்வது கடினமில்லை. 1 மி.மீ. தடிமனுள்ள பிளாட்டினம் கம்பியில் 1 செ.மீ. வெட்டி, செம்புக் கம்பியின் நுனியில் பற்றவைத்து, இணைப்பை எபாக்சிப் பசையால் மூடி, சூடேற்றினால் சுருங்கும் உறையைக் கம்பி நெடுகப் போட்டால் மின்முனை தயார். பிளாட்டினம் என்றதும் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மின்முனைக்குச் சுமார் 0.17 கிராம். பதினைந்து மின்முனைகளுக்கு இரண்டரை கிராம், அதாவது கால் பவுனுக்குச் சற்று மேல். கம்பி அரை மி.மீ. தடிமன் என்றால் அதிலும் கால்பங்குதான். நகைப் பட்டறையில் வாங்காதீர்கள். 950 முத்திரை என்றால் ஆயிரத்தில் ஐம்பது பங்கு வேறு உலோகம், ஆய்வுக்கு 99.9 தூய்மை வேண்டும்.

உயிர் இருப்பது அந்த எபாக்சியில். நான் முதன்முதலில் செய்த தொகுதியில் இணைப்பின் மேல் எபாக்சியை ஒரே பூச்சாக, மெல்லியதாகப் பூசியிருந்தேன். மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. நான்காம் வாரத்திலிருந்து எட்டில் மூன்று மின்முனைகள் தனி வழியில் போயின. பிடுங்கிப் பார்த்தால், உறைக்குள் பச்சைக் களிம்பு. மயிரிழை விரிசல் வழியாக நீர் செம்பைத் தொட்டிருந்தது. ஈரம் செம்பைத் தொட்டுவிட்டால் மீட்டர் பிளாட்டினத்தின் பேச்சை விட்டுவிட்டுச் செம்பின் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் ஒரு நாள் காய்ந்த பின் அடுத்தது. பிறகு ஒரு வாரம் நீரில் ஊறவைத்துச் சோதனை.

சோதனைக்கு லைட் கரைசல் என்று ஒன்று இருக்கிறது. ஃபெரஸ், ஃபெரிக் அம்மோனியம் சல்பேட்டுகளைக் கந்தக அமிலத்தில் கரைத்தது. 25 டிகிரியில், வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனைக்கு எதிரே சுமார் 475 மில்லிவோல்ட் காட்ட வேண்டும். 10 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகினால் மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துக் கழுவி மறுபடி பார்க்கலாம். அப்போதும் வரவில்லை என்றால் அது வயலுக்குப் போகக்கூடாது.

அளக்க எந்த மீட்டர்? இங்கேதான் பணத்தை மிச்சம் பிடிக்கப் போய் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். மின்கடையில் கிடைக்கும் மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகாஓம். அது மண்ணிலிருந்து சிறிதளவு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இணைத்த நொடியிலிருந்து எண் நகரத் தொடங்கும். உங்கள் துறையின் ஆய்வகத்தில் பிஎச் மீட்டர் கட்டாயம் இருக்கும். அதில் மில்லிவோல்ட் முறை இருந்தால் அதையே வயலுக்குத் தூக்கிச் செல்லுங்கள்; அதன் உள்தடை பல்லாயிரம் மடங்கு அதிகம். தனியாக ஒன்று வாங்கத் தேவையே இல்லை.

ஒப்பீட்டு மின்முனை ஒன்றே ஒரு பாத்திக்குப் போதும். நீர் நிற்கும்போது சேற்றில் மெல்லச் செருகினால் ஆயிற்று. மண் காயும்போது தொடர்பு அறுந்துவிடும்; அதற்கு உப்புப் பாலம் வேண்டும். ஒரு பிவிசி குழாயில் அகர் கூழோடு பொட்டாசியம் குளோரைடைக் கலந்து ஊற்றி உறையவைத்துப் புதைத்துவிட்டு, அதற்குள் ஒப்பீட்டு மின்முனையைச் செருகி அளப்பார்கள். (பொட்டாஷ் உரமும் அதே உப்புதானே என்று ஒருவர் உரக்கடை மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டார். சிவப்புப் பொட்டாஷின் சிவப்பே இரும்பால் வருவது. அளக்கப் போவதும் இரும்பு.)

இனி, நான் பார்த்ததில் மிக அதிகமாக நடக்கும் தவறு. மீட்டரில் −150 வந்தது. “மீத்தேன் மண்டலம்” என்று மாணவர் எழுதிவிட்டார். மீட்டர் காட்டுவது அதன் ஒப்பீட்டு மின்முனைக்கு எதிரான எண். மேலே படிக்கட்டில் சொன்ன எண்களோ திட்ட ஹைட்ரஜன் மின்முனைக்கு எதிரானவை. அதற்கு மாற்ற, தெவிட்டிய பொட்டாசியம் குளோரைடு உள்ள வெள்ளி–வெள்ளி குளோரைடு என்றால் சுமார் 199-ஐக் கூட்ட வேண்டும். பழைய கலோமெல் ஒப்பீட்டு மின்முனை என்றால் சுமார் 244. அப்படிக் கூட்டினால் −150 என்பது +49. இரும்பு இன்னும் கரைந்துகொண்டிருக்கும் படி அது. மீத்தேன் வெகு கீழே இருக்கிறது. இதோடு பிஎச் அளவையும் குறித்தாக வேண்டும். ஓர் அலகு பிஎச் மாறினால் எண் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் நகரும்.

மறைந்திருக்கும் செலவு பணமல்ல, நடை. வாரம் இரண்டு முறை, முடிந்தவரை ஒரே நேரத்தில், பருவம் முழுவதும் ஒருவர் போக வேண்டும். புதைத்த பிறகு முதல் சில நாள் எண்களை நம்பக்கூடாது. மண் மூடிக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும். திருந்திய நெல் சாகுபடி வயலென்றால் இன்னொரு எதிரி உண்டு: கோனோவீடர் என்ற உருட்டும் களைக்கருவி. வரிசைக்கு வரிசை உருட்டிக்கொண்டு வரும்போது மின்முனையைச் சாய்த்துவிடும். சாய்க்காவிட்டாலும் சேற்றைக் கலக்கி எண்ணை ஏற்றிவிடும். களை எடுத்த தேதியைக் குறித்துவைக்காதவர், வரைபடத்தில் தெரியும் அந்தக் கூம்புக்குப் பிறகு காரணம் தேடி அலைவார்.

## அதே மின்முனை, தானியங்கிப் பதிவுக் கருவியோடு

கேட்கக் கவர்ச்சியானது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு எண், இரவிலும் மழையிலும். காய்ச்சலும் பாய்ச்சலும் பற்றிய ஆய்வில் இதற்கு உண்மையான பயன் இருக்கிறது. நீர்மட்டக் குழாயில் தண்ணீர் 15 செ.மீ. கீழே போகும் வரை விட்டுப் பிறகு பாய்ச்சுவதுதான் முறை. அந்த இடைவெளியில் மேல்மண் வெடிக்கத் தொடங்கியதும், 5 செ.மீ. ஆழத்து எண் ஓரிரு நாளுக்குள் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் ஏறி, தண்ணீர் வந்ததும் மறுபடி இறங்கும். வாரம் இருமுறை போகிறவர் இந்த ஏற்றத்தை அப்படியே தவறவிடலாம்.

ஆனால் ஒப்பீட்டு மின்முனை பருவம் முழுவதும் மண்ணில் கிடக்க வேண்டும். அதன் உப்புக் கரைசல் கசிந்து தீர்ந்துகொண்டே வரும். எண் மெல்ல நகரும். அது மண் நகர்வதா, மின்முனை நகர்வதா என்று தெரியாது. மாதம் ஒருமுறை இன்னொரு நல்ல ஒப்பீட்டு மின்முனையோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஆக, ஆள் போவது மிச்சமாகாது. இதோடு இணைப்புகளில் ஈரம், இடி மின்னல், கம்பியைக் கடிக்கும் வயல் எலி. பதிவுக் கருவியின் உள்தடையும் உயர்வாக இருக்க வேண்டும். மலிவான பலவற்றில் இல்லை.

வேறொரு பொறியும் உண்டு. களிமண் காய்ந்து சுருங்கும்போது மின்முனைக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழும். அப்போது வரும் உயர்ந்த எண், மண் ஆக்சிஜன் ஏறியதாலா, தொடர்பு அறுந்ததாலா? அடுத்தடுத்த எண்கள் தாறுமாறாகக் குதித்தால் தொடர்பு போயிருக்கிறது என்று கொள்ளலாம். இதைக் கண்ணால் பார்க்க வயலில் ஒருவர் இருந்திருக்க வேண்டும். பதிவுக் கருவிக்கு அது தெரியாது.

பணம் குறைவாக இருந்தால், பதிவுக் கருவியில் இரண்டு மின்முனை மாட்டுவதைவிட, கையால் அளக்கும் பத்து மின்முனைகள் மேல்.

## துரு பூசிய குழாய்

அமெரிக்காவில் ஈரநில மண்ணை அடையாளம் காண உருவான முறை. ஐரிஸ் என்று பெயர். பிவிசி குழாயின் மேல் இரும்பு ஆக்சைடைச் செம்பழுப்பு வண்ணமாகப் பூசி மண்ணில் செருகிவிடுவார்கள். மண் ஒடுக்க நிலைக்குப் போனால் நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைத்துவிடும். பிடுங்கிப் பார்த்தால் அந்த இடம் வெளுத்திருக்கும். மேல் 30 செ.மீ.க்குள் 15 செ.மீ. நீளமுள்ள பகுதியில் 30 விழுக்காடு பூச்சு போயிருக்க வேண்டும், ஐந்து குழாய்களில் மூன்றிலாவது அப்படி இருக்க வேண்டும் என்பது அங்கே வகுத்த விதி.

இதன் அழகு, மின்முனை ஒரு புள்ளியைச் சொல்ல, குழாய் ஆழம் முழுவதையும் ஒரு படமாகக் காட்டுவது. வேர் ஓடிய தடத்தில் துரு அப்படியே இருக்கும். இரண்டு விரல் தள்ளி வெள்ளை வெளேரென்று இருக்கும். மேலே சொன்ன +40 ஏன் வந்தது என்று விளக்கச் சொற்கள் தேவையில்லை, குழாயை நீட்டினால் போதும். கந்தகம் மிகுந்த சேற்றில் சில இடம் கறுத்திருக்கும். அது இரும்பு சல்ஃபைடு. காற்றுப் பட்டால் விரைவில் மங்கிவிடும் என்பதால், கழுவியதும் முதல் வேலை படம் எடுப்பது.

எப்போது நடந்தது என்று சொல்லாது. நடந்தது என்று மட்டும் சொல்லும். வழக்கமான நான்கு வாரக் கணக்கு குளிர்நாட்டு ஈரநிலத்துக்கானது. தக்கைப்பூண்டு மடக்கி உழுத நம் வயலின் வெப்பத்தில் அவ்வளவு நாள் விட்டால் குழாய் முழுவதும் வெளுத்து, ஒப்பிட எதுவும் மிஞ்சாமல் போகலாம். ஒரு வாரத்தில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்து நாளை நிர்ணயித்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு பூச்சில். ஃபெரிக் குளோரைடிலிருந்து இரும்பை வீழ்படிவாக்கி, உப்பைக் கழுவி நீக்கி, சில நாள் முதிரவிட வேண்டும். அவசரப்பட்டால் குழாயில் ஒட்டாது. செருகும்போதே உரிந்துவிட்டு, மண் தின்றது போலவே தோற்றம் தரும்.

## சாயச் சோதனை

டைபிரிடில் கரைசலைத் தெளித்தால், ஃபெரஸ் இரும்பு (ஒடுக்க நிலையில் கரையும் இரும்பு) இருக்கும் மண் இளஞ்சிவப்பாகும். ஒரு நிமிடத்தில் பதில். இரண்டு எச்சரிக்கைகள் போதும்: மண்வெட்டி வெட்டிய முகத்தில் தெளிக்காதீர்கள் (சிவந்தது மண்வெட்டி இரும்பாக இருக்கும்), கட்டியைக் கையால் பிளந்து புதிய முகத்தில் தெளியுங்கள்; வெயில் படாமல் பாருங்கள், ஒளியே நிறத்தைக் கொண்டுவந்துவிடும். நச்சுப் பொருள், கையுறை கட்டாயம். அந்த நொடியின் நிலை மட்டுமே தெரியும்.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| வழி | தருவது | மண் காய்ந்தால் | கண்ணில் படாத செலவு | எங்கே சிறப்பு |
|---|---|---|---|---|
| ஓ.ஆர்.பி. பேனா | அந்த நேரத்து எண் | பயனில்லை | அடைபடும் நுண்துளை, வற்றும் முனை | குடுவை ஆய்வு, வயல்நீர் |
| புதைத்த பிளாட்டினம், கையால் | பருவம் முழுவதுமான எண்வரிசை | உப்புப் பாலம் வேண்டும் | வாரம் இருமுறை ஆள், எபாக்சி | பாத்தி ஒப்பீடு, ஆய்வேடு |
| பதிவுக் கருவியோடு | மணிக்கணக்கில் மாற்றம் | இடைவெளி விழுந்தால் பொய் எண் | ஒப்பீட்டு மின்முனை, எலி, ஈரம் | காயும்–பாயும் இடைவெளி |
| துரு பூசிய குழாய் | ஆழம் முழுவதன் படம் | காயும் முன் நடந்ததைக் காட்டும் | பூச்சு தயாரிப்பு | ஈரநிலம், நீர் தேங்கும் தோப்பு |
| சாயம் | ஆம் / இல்லை | பயன் குறைவு | நச்சு, பொய்ச் சிவப்பு | குழி வெட்டிய இடத்தில் உடனடி முடிவு |

## யாருக்கு எது?

மீத்தேனோடு சேர்த்து ஆய்வு செய்கிறவருக்கு: 5 செ.மீ., 15 செ.மீ. என இரண்டு ஆழம், ஆழத்துக்கு ஐந்து பிளாட்டினம், கையால் அளப்பது. பாத்தி ஒன்றுக்கு இரண்டு துருக் குழாய் கூடவே இருந்தால் விளக்கம் எளிதாகும். பதிவுக் கருவி, பணம் மிஞ்சினால் மட்டும்.

தென்னந்தோப்பிலோ வாழைத் தோட்டத்திலோ நீர் தேங்கி வேர் அழுகுகிறதா என்று பார்க்கிறவருக்கு: குழாய். எண் வேண்டாம்.

காற்றோட்டமுள்ள புன்செய் மண்ணை அளக்க விரும்புகிறவருக்கு: எதுவும் வேண்டாம். +400-க்கு மேல் மின்முனை சொல்வது மிகக் குறைவு. +450-க்கும் +550-க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து ஒன்றும் எழுத முடியாது. ஆக்சிஜன் உணரி வாங்குங்கள்.

விவசாயிக்கு: இவற்றில் ஒன்றுமே தேவையில்லை. துளையிட்ட நீர்மட்டக் குழாய் ஒன்று, அத்துடன் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரை முகர்ந்து பார்க்கும் பழக்கம். வேர் கறுத்து அழுகிய முட்டை வாடை வந்தால் நீரை வடிக்க வேண்டும் என்பது அவருக்கு நம்மைவிட முன்பே தெரியும்.

பிளாட்டினத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இன்னும் இரண்டு. கம்பிகளை நீளமாக விட்டு, வரப்பில் நின்றபடியே அளக்கும்படி ஒரு குச்சியில் எண் போட்டுக் கட்டிவிடுங்கள். மின்முனையின் பக்கத்தில் ஒருமுறை மிதித்தாலே மண் அமுங்கி, அந்தக் கால்தடம் தனி வயலாகிவிடும். அறுவடை முடிந்ததும் ஒவ்வொன்றையும் பிடுங்கி, கழுவி, மறுபடி லைட் கரைசலில் வையுங்கள். 475-க்கு அருகில் வராததை அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டு, அதற்குப் பிறகு வரைபடம் போடுங்கள்.